எந்த வரி பொய்?

"இதுல எந்த வரி பொய்னு சொல்லுங்க மேடம், இப்பவே எடுத்துடறேன்."

தயாரிப்பு மேலாளர் இதைக் கோபமாகக் கேட்கவில்லை. சொன்னால் எடுத்துவிடும் மனிதர்தான் அவர். கோபமாகக் கேட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை சூடாகப் பேசிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பேன்.

சருமத்தில் தடவும் சீரம் ஒன்றின் அட்டையில், பின்பக்கத்துக்கு அவர்கள் எழுதியிருந்தது மூன்றே வரி. இந்த சீரத்தில் லாக்டோபாசில்லஸ் பாக்டீரியா கொண்டு நொதிக்க வைத்த சோயா சாறு இருக்கிறது. நொதித்தலில் பெரிய மூலக்கூறுகள் சிறியவையாக உடைகின்றன. சிறிய மூலக்கூறுகள் சருமத்துக்குள் எளிதாகச் செல்கின்றன. தனித்தனியாகக் காட்டினால் மூன்றுக்குமே நான் ஒப்புதல் கொடுப்பேன். ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிவிட்டால் படிப்பவர் மனதில் நாலாவது வரி ஒன்று தானாக எழுந்துவிடும்: ஆகவே இது மற்ற சீரங்களைவிட ஆழமாகப் போய் வேலை செய்யும். அந்த வரியை யாரும் எழுதவில்லை. எழுதாததை எடுக்கச் சொல்வது எப்படி?

"எல்லாம் சரிதான், ஆனா நம்ம சீரத்துல அப்படி நடக்குதான்னு நாம அளந்து பார்க்கலையே" என்றேன்.

"நம்ம சீரத்துல நடக்குதுன்னு நாம எங்க மேடம் சொல்லியிருக்கோம்?"

அவ்வளவுதான் பேச்சு. அடுத்து மூடியின் நிறத்துக்குப் போய்விட்டார்கள். மூடிக்கு எடுத்துக்கொண்ட நேரத்தில் பாதிகூட இதற்கு ஆகவில்லை.

அன்று சொல்லியிருக்கக்கூடியவை எல்லாம் பிறகுதான் வரிசையாக வருகின்றன. சோயாவில் உள்ள ஐசோஃபிளேவோன்கள் என்ற தாவரப் பொருள்கள் பெரும்பாலும் சர்க்கரை ஒட்டிக்கொண்ட வடிவில் இருக்கும். ஜெனிஸ்டின் அப்படி ஒன்று. எடை சுமார் 432 டால்டன் (மூலக்கூறின் எடையைச் சொல்லும் அலகு). நொதிக்க வைக்கும்போது பாக்டீரியாவின் பீட்டா-குளுக்கோசிடேஸ் நொதி அந்தச் சர்க்கரையை வெட்டிவிடும். மிஞ்சுவது ஜெனிஸ்டீன், 270 டால்டன். இதுவரை அட்டை சொல்வது சரி. அவர்களுடைய பிரெசென்டேஷனில் இதற்கு ஆதாரமாக வைத்திருந்தது 500 டால்டன் விதி. 2000-இல் போஸ், மைனார்டி இருவரும் ஒரு கட்டுரையில் முன்வைத்தது. 500-க்கு மேற்பட்ட மூலக்கூறுகள் சருமத்தின் மேலடுக்கைக் கடப்பது கடினம் என்கிறது. ஆனால் 432 என்பது ஏற்கெனவே 500-க்குக் கீழேதானே! அந்த விதிப்படி பார்த்தால் நொதிக்க வைக்கும் முன்பே அது உள்ளே போகக்கூடியதுதான்.

உண்மையான லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. சர்க்கரை நீரை விரும்பும். சருமத்தின் மேலடுக்கில் செல்களுக்கு இடையே இருப்பதோ கொழுப்பு. சர்க்கரையை இழந்த ஜெனிஸ்டீன் அந்தக் கொழுப்போடு கொஞ்சம் நன்றாக ஒத்துப்போகும். ஆக, நொதித்தலால் ஊடுருவல் கூட வாய்ப்பு உண்டு, அவர்கள் சொன்ன காரணத்தால் மட்டுமல்ல. அதே பிரெசென்டேஷனில் இருந்த ஜின்செங் என்ற மூலிகை வேரில் இது தலைகீழ். அதில் உள்ள ஜின்செனோசைடு ஆர்பி1 சுமார் 1109 டால்டன். நொதித்தலில் சர்க்கரைகள் ஒவ்வொன்றாகக் கழன்று காம்பவுண்ட் கே என்ற பொருளாகும்போது 623. ஏறக்குறைய பாதியாகிவிட்டது, ஆனாலும் 500-ஐத் தாண்டித்தான் நிற்கிறது. ஒன்று முதலிலேயே எல்லைக்குள், மற்றது கடைசிவரை எல்லைக்கு வெளியே. இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஸ்லைடு.

அந்தக் கட்டுரையின் வாதங்களில் ஒன்று, தொடு ஒவ்வாமை உண்டாக்கும் பொருள்கள் ஏறக்குறைய எல்லாமே 500-க்குக் கீழ்ப்பட்டவை என்பது. சிறியது உள்ளே போகும் என்றால், வேண்டாத சிறியதும் உள்ளே போகும். இதை விளம்பரத்தில் யாரும் எழுதப்போவதில்லை. எழுதச் சொல்வதும் நியாயமில்லை என்றே நினைக்கிறேன். எல்லா க்ரீமுக்கும் பொருந்துகிற பயத்தை நொதித்த சாற்றின் தலையில் மட்டும் ஏன் கட்ட வேண்டும்?

சரி, நானே மூன்று வரி எழுதியிருந்தால்? லாக்டிக் நொதித்தலில் லாக்டிக் அமிலம் வருகிறது. புரதம் உடைந்து சிறு பெப்டைடுகளும் அமினோ அமிலங்களும் வருகின்றன. சருமம் தன் ஈரத்தைத் தக்கவைக்கத் தானே வைத்திருக்கும் கலவையில் சுமார் 40 சதவீதம் அமினோ அமிலங்கள், 12 சதவீதம் லாக்டேட். ஆக, நொதித்த சாற்றில் சருமத்துக்குப் பழக்கமான பொருள்கள் இருக்கின்றன. சருமத்தின் மேற்பரப்பும் லேசான அமிலம்தான். இவை நான் மனமாரச் சொல்லக்கூடிய நன்மைகள். அவரிடம் சொல்லியும் பார்த்திருக்கிறேன். "அது எல்லா மாய்ஸ்சரைசரும் சொல்றதுதானே மேடம்" என்றார். அதுவும் உண்மை. எங்களுக்குள் உண்மைக்குப் பஞ்சமே இருந்ததில்லை.

நாங்கள் ஒரு சோதனை செய்திருந்தோம். அதே சீரம், நொதித்த சாறு சேர்த்து ஒன்று, சேர்க்காமல் ஒன்று. முன்கையில் தடவி, கார்னியோமீட்டரால் ஈரப்பதம் அளந்தோம். இரண்டிலும் ஈரம் நன்றாக ஏறியது. இரண்டுக்கும் நடுவே இருந்த வித்தியாசம், ஒரே கையில் இரண்டு முறை அளந்தால் வரும் வித்தியாசம் அளவுக்குத்தான். வேலையைச் செய்தது பெரும்பாலும் இரண்டிலும் இருந்த கிளிசரின். இந்த முடிவை கூட்டத்துக்கு முன்பே அனுப்பியிருந்தேன், அவரும் படித்திருந்தார். "ஈரப்பதம் தரும்" என்று போடலாமா என்று மட்டும் கேட்டிருந்தார். போடலாம் என்று பதில் எழுதினேன். வேறென்ன எழுத முடியும்?

அதன் பிறகு ஒப்புதல் தாளில் கையெழுத்திட்டேன். அந்தத் தாள் கேட்பது ஒவ்வொரு கூற்றுக்கும் ஆதாரம் உண்டா என்பதைத்தான். உண்டு. தவிர, நாங்கள் அளந்தது ஈரப்பதத்தை, ஊடுருவலை அல்ல. ஊடுருவலைப் பார்க்க ஃபிரான்ஸ் செல் என்ற கருவி வேண்டும், தோல் துண்டு வேண்டும், மாதக்கணக்கில் நேரம் வேண்டும். அதைச் செய்யாதபோது நொதித்தல் இந்த சீரத்தில் பயன் தரவில்லை என்று சொல்லவும் எனக்கு ஆதாரமில்லை. என் சந்தேகமும் அவருடைய நம்பிக்கையும் ஒரே நிலையில்தான் இருக்கின்றன என்று வாதாடலாம். சில நாள் அப்படியே நினைக்கிறேன். சில நாள், விற்பவர்தானே நிரூபிக்க வேண்டும், சந்தேகப்படுபவர் ஏன் நிரூபிக்க வேண்டும் என்று தோன்றுகிறது. இரண்டு நாளிலும் கையெழுத்து அதே இடத்தில்தான் இருக்கிறது.

நொதித்தலை நான் குறைத்துப் பேசுவதாக யாரும் எண்ணிவிடக் கூடாது. சருமத்தில் ஈரத்தைப் பிடித்துவைக்கும் ஹயாலுரோனிக் அமிலத்தை ஒரு காலத்தில் சேவல் கொண்டையிலிருந்து எடுத்தார்கள். இன்று பெரும்பாலும் பாக்டீரியா தொட்டியில்தான் விளைகிறது. சரும நிறத்தை வெளுக்கச் சேர்க்கும் கோஜிக் அமிலத்தை 1907-இல் ஜப்பானில் சைட்டோ கண்டெடுத்தது ஆஸ்பெர்ஜில்லஸ் ஒரைசே என்ற பூஞ்சையிலிருந்து. இவற்றின் அட்டைகளில் பெரும்பாலும் நொதித்தல் என்ற பேச்சே வராது. பொருளைப் பிரித்தெடுத்தாகிவிட்டது, எவ்வளவு போட்டால் என்ன ஆகும் என்று பார்த்தாகிவிட்டது, பெருமை பேசத் தேவையில்லை. எங்கள் டிரம்மில் வருவது மொத்தச் சாறு. ஒரு லாட் வெளிர் மஞ்சளாக வரும், அடுத்தது தேன் நிறத்தில் வரும். அதில் ஜெனிஸ்டீன் எவ்வளவு என்று சப்ளையரின் தாளில் இருக்காது.

பயிற்சிக்கு வந்த பெண் அந்தச் சோதனை முடிவைப் பார்த்துவிட்டு, "அப்ப நொதிக்க வைக்கிறதுல பிரயோஜனமே இல்லையா மேடம்?" என்று கேட்டாள். "இருக்கும்மா" என்று உடனே சொன்னேன். அவ்வளவு வேகமாகச் சொன்னதற்கு, மேலே எழுதியதெல்லாம் காரணமா, கையெழுத்துக் காரணமா என்று பிரித்துப் பார்க்க முயன்றிருக்கிறேன். பிரியவில்லை. இதற்கு நடுவே, இந்த சீரம்தான் தன் சருமத்துக்கு ஒத்துக்கொண்டது என்று ஒருவர் மெயில் எழுதியிருந்தார். கிளிசரின்தான் காரணம் என்றாலும் அவருக்கு ஒத்துக்கொண்டது ஒத்துக்கொண்டதுதானே.

ஒன்றில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. முன்பக்கத்தில் "80% நொதித்த சோயா சாறு" என்று பெரிதாகப் போட இருந்தார்கள். டிரம்மில் இருக்கும் திரவத்தை வைத்துக் கணக்கிட்ட 80 அது. அந்தத் திரவத்தை உலர்த்தினால் நூற்றுக்கு இரண்டு பங்குகூடத் தேறாது, மிச்சம் பெரும்பாலும் தண்ணீர். இதை எழுத்துப்பூர்வமாக அனுப்பினேன். அச்சாகி வந்த அட்டையில் 80 இல்லை. எனக்கு அதில் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது. பின்னொரு நாள் வடிவமைப்பாளரிடம் பேசும்போது, அந்த எண் குப்பியின் வளைவில் சரியாக உட்காராததால் என் மெயில் வருவதற்கு முன்பே எடுத்துவிட்டதாகச் சொன்னார். அடுத்த தயாரிப்புக்குச் சதுரக் குப்பி என்று முடிவாகியிருக்கிறது.