மொட்டை மாடியில் பேசிய ஆங்கிலம்

பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்து, பி.காம். முடித்து, திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில், ஆர்டர்களைக் கவனித்துக்கொள்ளும் மெர்ச்சண்டைசராகச் சேர்ந்தவள் நான். பையர்களுக்கு, அதாவது எங்களிடம் ஆடை வாங்குபவர்களுக்கு, ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுதுவதில் எனக்குப் பெரிய சிரமம் இருந்ததில்லை. ஆனால் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டில், மேலாளர் விடுப்பில் இருந்த ஒரு நாள், வீடியோ காலில் வந்த பையர் லேப் டிப் எப்போது கிடைக்கும் என்று கேட்டார். துணிக்குச் சாயம் ஏற்றும் முன் நிறம் சரிதானா என்று பார்க்க அனுப்பும் சிறு துண்டுதான் லேப் டிப். வியாழக்கிழமை சாயப்பட்டறையிலிருந்து வாங்கி அனுப்பிவிடுவோம் என்ற பதில் மனத்தில் தெளிவாக இருந்தும், வாயைத் திறந்தால் 'தர்ஸ்டே' என்ற ஒரு சொல்லுக்கு மேல் வரவில்லை. அவர் மறுபடியும் கேட்டார். நானும் மறுபடியும் அதையே சொன்னேன். அவர் நன்றி கூறி அழைப்பை முடித்துவிட்டு, அதே கேள்வியை மின்னஞ்சலில் அனுப்பினார். அதற்கு ஐந்து வரியில் பிழையில்லாமல் பதில் எழுதினேன் என்பதுதான் எனக்கு அதிக வெட்கத்தைத் தந்தது.

அலுவலகம் முடிந்து அனுப்பர்பாளையத்தில் இருக்கும் வீட்டுக்கு வரவே எட்டரை மணி ஆகிவிடும் என்பதால், பயிற்சி வகுப்பு எதிலும் சேர வழியில்லை. முதலில், எல்லோரும் சொல்வதுபோல் கண்ணாடி முன் நின்று பேசிப் பார்த்தேன். கவனமெல்லாம் முகத்தின்மீதே போனதே தவிர, பேச்சின்மீது போகவில்லை. முப்பதே நாளில் பேசவைப்பதாகச் சொன்ன புத்தகம் ஒன்றையும் வாங்கினேன். அஞ்சலகத்துக்கு வழி கேட்பது எப்படி என்று அது கற்றுக்கொடுத்தது. என்னிடம் அஞ்சலகத்துக்கு வழி கேட்கும் பையர் இன்று வரை வரவில்லை.

உதவியது கைப்பேசியில் இருந்த ரெக்கார்டர்தான். பாத்திரப் பட்டறைகளின் சுத்தியல் ஓசை அடங்கிய பிறகு மொட்டை மாடிக்குப் போய், அன்று அலுவலகத்தில் நடந்ததை இரண்டு நிமிடம் ஆங்கிலத்தில் பேசிப் பதிவு செய்து, உடனே கேட்பேன். முதல் பதிவைக் கேட்டபோது அது என் குரல்தானா என்று சந்தேகமாக இருந்தது. 'ஸ்டாக்கு', 'ஷிப்மென்ட்டு' என்று ஒவ்வொரு சொல்லின் வாலிலும் ஓர் உகரம் ஒட்டிக்கொண்டிருந்தது. வல்லின மெய்யில் சொல்லை முடிக்காத மொழி நம்முடையது. நாக்கு அந்தப் பழக்கத்தை எங்கே போனாலும் கூடவே கொண்டுபோகிறது. அதைவிட மோசம், இகர, எகரத்தில் தொடங்கும் சொற்களுக்கு முன்னால் தானாக வந்து நின்ற யகரம். நான் வேலை பார்க்கும் தொழிலின் பெயரையே இரண்டு ஆண்டுகளாக 'யெக்ஸ்போர்ட்' என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். போதாக்குறைக்கு அந்தச் சொல் பெயராக வரும்போது அழுத்தம் முதல் அசையிலும், வினையாக வரும்போது இரண்டாம் அசையிலும் விழ வேண்டும் என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

இதே யகரம் வேறோர் இடத்தில் கைகொடுத்தது. இ, ஈ, ஐ வழி யகரமும் ஏனைய உயிர்வழி வகரமும் வரும் என்று பள்ளியில் மனப்பாடம் செய்த நன்னூலின் உடம்படுமெய் விதி நினைவிருக்கலாம். ஆங்கிலேயர்கள் இயல்பாகப் பேசும்போது 'தி ஆர்டர்' என்பது ஏறக்குறைய 'தியார்டர்' என்றும், 'கோ ஆன்' என்பது 'கோவான்' என்றும்தான் ஒலிக்கிறது. சொற்களைத் தனித்தனியே வெட்டி உச்சரிப்பதுதான் சுத்தமான ஆங்கிலம் என்று நினைத்திருந்த எனக்கு, இது பெரிய விடுதலையாக இருந்தது.

இறந்தகால வினைகளை எங்கள் தொழிற்சொற்களை வைத்தே பழகினேன். பேக், ஷிப், செக் ஆகியவற்றுக்குப் பின் 'ட்' என்ற வல்லோசை மட்டுமே வரும்; 'பேக்கெட்' என்று நீட்டக் கூடாது. டை (சாயம் ஏற்று), அயர்ன் ஆகியவற்றுக்குப் பின் அதுவே மெலிந்து ஒலிக்கும். பிரின்ட், நிட் போல டகரத்தில் முடிபவற்றுக்குத்தான் 'இட்' என்ற தனி அசை. ஒரு டி-ஷர்ட் நூலிலிருந்து பெட்டிக்குள் போவது வரை மூன்று வகையும் வந்துவிடும் என்பதால், அந்தக் கதையையே தினமும் சொன்னேன்.

ஆனால் அன்று வாய் அடைத்துப் போனதற்குக் காரணம் உச்சரிப்பு அல்ல. தமிழில் 'வியாழக்கிழமை சாயப்பட்டறையிலிருந்து லேப் டிப்பை வாங்கி உங்களுக்கு அனுப்புவோம்' என்று வினைமுற்றைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். ஆங்கிலத்தில் 'வீ வில் சென்ட்' என்று எழுவாயை ஒட்டியே அது வந்தாக வேண்டும். தமிழில் வாக்கியத்தைக் கட்டி முடித்துவிட்டு மொழிபெயர்க்கப் போனால், முதலில் தேவைப்படும் சொல் வரிசையின் கடைசியில் நின்றுகொண்டிருக்கும். எனவே 'வீ வில் சென்ட்', 'வீ ஹேவ் டைட்' என்று தொடக்கத்தை மட்டும் உரக்கச் சொல்லிவிட்டு, எதை, யாருக்கு, எப்போது என்பவற்றைப் பின்னால் ஒவ்வொன்றாகக் கோக்கப் பழகினேன். இதற்கு ஏறக்குறைய மூன்று மாதம் பிடித்தது.

வேகத்துக்கு உதவியது, 1983இல் கீத் மாரிஸ் என்பவர் வகுத்து, பின்னர் மொழி கற்பித்தல் அறிஞர் பால் நேஷன் பரவலாக்கிய நான்கு-மூன்று-இரண்டு என்ற முறை. ஒரே செய்தியை முதலில் நான்கு நிமிடமும், அடுத்து மூன்று நிமிடமும், கடைசியாக இரண்டு நிமிடமும் பேச வேண்டும். ஒவ்வொரு முறையும் வேறொருவர் கேட்க வேண்டும் என்பது அசல் விதி. எனக்கு மூன்று முறையும் தண்ணீர்த் தொட்டிதான் கேட்டது. இரண்டாம் சுற்றில் 'ஆக்சுவலி'கள் உதிர்ந்துவிடும், மூன்றாம் சுற்றில் செய்தி மட்டும் மிஞ்சும். பக்கத்து வீட்டு அக்கா ஒருநாள், "யாருகிட்ட கண்ணு ராத்திரியில இங்கிலீசுல சண்டை போடறே?" என்று கேட்டார். தொட்டியிடம் என்று சொல்ல வாய் வரவில்லை, ஆபீஸ் போன் என்று சமாளித்தேன்.

காதுக்கு, வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வானொலி 1959இல் தொடங்கிய ஸ்பெஷல் இங்கிலீஷ் என்ற எளிய ஆங்கில ஒலிபரப்பின் வழியில் வந்த பதிவுகளைக் கேட்டேன். சுமார் 1,500 சொற்களை அடிப்படையாகக் கொண்டு, நிதானமாகப் பேசுவார்கள். ஒலிக்கும் குரலின் வாலைப் பிடித்துக்கொண்டு அரை நொடி பின்னால் நாமும் சொல்லிக்கொண்டே போவதை ஷேடோயிங் என்கிறார்கள். பாத்திரம் கழுவும்போது அதைத்தான் செய்தேன்.

தனியாகப் பழகுவதில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. நாம் எதிர்பாராத கேள்வியை நாமே நம்மிடம் கேட்டுக்கொள்ள முடியாது. பையர்களின் பழைய மின்னஞ்சல்களிலிருந்து கேள்விகளைத் துண்டுச் சீட்டுகளில் எழுதி, காலியான ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு, ஒன்றை உருவியவுடனே பதில் சொல்லிப் பார்த்தேன். ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்குத் துணியின் எடை) ஏன் குறைந்தது, ஷிப்மென்ட் ஏன் தாமதம் என்ற கேள்விகளுக்கெல்லாம் இப்போது தடுமாறுவதில்லை. போன மாதம் அதே பையர் அழைத்தபோது, லேப் டிப் பற்றிய பேச்சு நன்றாகவே நடந்தது. முடிக்கும்போது, சனி ஞாயிறு எப்படிப் போனது என்று அவர் சிரித்துக்கொண்டே கேட்டார். "குட், சார்" என்று சொல்லிவிட்டு நின்றுவிட்டேன். இந்த வாரம் பாட்டிலில் அந்தக் கேள்வியும் கிடக்கிறது.