பழைய டிராக்டருக்கு டிரெய்லர்: எடை போட்டு, ஏற்றி, கட்டிப் பார்த்த அனுபவம்

பழைய டிராக்டரை ஏற்றிக்கொண்டு போக டிரெய்லர் பார்க்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது "எத்தனை டன் தாங்கும்?" என்பதுதான். டிராக்டரின் எடை டிரெய்லரில் எந்த இடத்தில் உட்காரும் என்பது அதைவிடப் பெரிய கேள்வி. தாங்குதிறன் தாராளமாக இருந்தும், எடை ஒன்றரை அடி பின்னால் தள்ளி உட்கார்ந்தால் அந்த டிரெய்லர் இழுக்கிற வண்டியையும் சேர்த்து ஆட்டிவிடும். இங்கே உள்ள கணக்கெல்லாம் 1947 முதல் 1952 வரை வந்த ஃபோர்டு 8என் டிராக்டரை வைத்துப் போட்டது. வேறு டிராக்டர் என்றால் எண்கள் மாறும், முறை மாறாது.

முதல் வேலை எடை. கையேட்டில் இருப்பது வெறும் டிராக்டரின் எடை. 8என்னுக்கு அது ஏறத்தாழ 1,100 கிலோ. பின் டயரில் தண்ணீர் இருந்தால் அந்த எண்ணை நம்ப முடியாது. 11.2-28 அளவு பின் டயரை முக்கால் பாகம் நிரப்பினால் 150 லிட்டர் அளவு பிடிக்கும், ஆக இரண்டு டயருக்கும் 300 கிலோ. குளிரில் உறையாமல் இருக்கக் கால்சியம் குளோரைடு கலந்திருந்தால் அந்த எடையில் கால் பங்கு இன்னும் கூடும். கண்டுபிடிப்பது எளிது. சக்கரத்தை உருட்டி வால்வை அடிப்பக்கம் கொண்டுவந்து, ஊசியை ஒரு நொடி அழுத்தினால் காற்றுக்குப் பதில் தண்ணீர் சீறும். முகத்தை விலக்கி வைத்துக்கொண்டு செய்ய வேண்டும், அது உப்புத் தண்ணீர்.

பிறகு எடைமேடையில் இரண்டு தடவை நிறுத்த வேண்டும்: முழு டிராக்டரை ஒரு தடவை, முன் சக்கரங்களை மட்டும் ஒரு தடவை. இந்த இரண்டாவது எடையைப் பலர் விட்டுவிடுகிறார்கள், ஆனால் கணக்கு அதில்தான் இருக்கிறது. மொத்தம் 1,500 கிலோ, முன்னால் 420 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 8என்னின் முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் இடையே 1.78 மீட்டர். 420-ஐ 1,500-ஆல் வகுத்து 1.78-ஆல் பெருக்கினால் 0.50. அதாவது டிராக்டரின் எடை மையம் பின் ஆக்சிலிலிருந்து அரை மீட்டர் முன்னால் இருக்கிறது. டயரில் தண்ணீர் இல்லாத அதே டிராக்டரில் இது இன்னும் முன்னால் இருக்கும். ஒரே மாடல் டிராக்டர் இரண்டை டிரெய்லரில் ஒரே இடத்தில் நிறுத்த முடியாததற்குக் காரணம் இதுதான்.

டிரெய்லரின் தகட்டில் மொத்த எடை வரம்பு இருக்கும். அதிலிருந்து டிரெய்லரின் சொந்த எடையைக் கழித்தால் வருவதுதான் ஏற்றக்கூடிய சுமை. 1,600 கிலோ தாங்கும் ஆக்சில் இரண்டு உள்ள, 900 கிலோ எடையுள்ள டிரெய்லரில் 2,300 கிலோ கிடைக்கும். 8என்னுக்கு இது போதும். ஃபார்மால் எச் என்ற பெரிய டிராக்டர் வெறுமனே 1,700 கிலோ அளவுதான்; ஆனால் பெரிய பின் டயரில் தண்ணீரும், சக்கரத்தில் வார்ப்பிரும்பு எடைகளும் சேர்ந்தால் 2,300-ஐத் தொட்டுவிடும், சில சமயம் தாண்டும். அப்படிப்பட்ட டிராக்டர் வீட்டில் இருந்தாலோ, வாங்கும் எண்ணம் இருந்தாலோ ஒவ்வொன்றும் 2,300 கிலோ தாங்கும் ஆக்சில் இரண்டு உள்ள டிரெய்லருக்குப் போவதுதான் சரி. வரம்பின் விளிம்பில் ஓடும் டிரெய்லரில் முதலில் போவது டயர்.

அடுத்தது ஹிட்ச்சில், அதாவது டிரெய்லரை இழுக்கிற வண்டியோடு இணைக்கும் இடத்தில், இறங்கும் எடை. வண்டியின் பின்னால் உள்ள இரும்புப் பந்தில் மாட்டும் டிரெய்லரில், சுமையோடு சேர்ந்த மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் பந்தின் மேல் நிற்க வேண்டும். இழுக்கிற வண்டியின் ஹிட்ச்சுக்குக் கொடுத்திருக்கும் வரம்பையும் அது தாண்டக் கூடாது; தாண்டினால் வண்டி போதாது என்று அர்த்தம், சுமையைப் பின்னால் தள்ளுவது தீர்வு ஆகாது. 900-உம் 1,500-உம் சேர்ந்து 2,400 கிலோ. 12 சதவீதம் என்றால் 288 கிலோ. காலி டிரெய்லரே 100 கிலோவைக் கொடுக்கிறது என்றால் டிராக்டர் தர வேண்டியது 188 கிலோ. பந்திலிருந்து டிரெய்லர் ஆக்சில்களின் நடுப்புள்ளி வரை 4.2 மீட்டர் என்றால், 188-ஐ 4.2-ஆல் பெருக்கி 1,500-ஆல் வகுக்க 0.53 வரும். டிராக்டரின் எடை மையம் ஆக்சில் நடுவிலிருந்து 53 சென்டிமீட்டர் முன்னால் இருக்க வேண்டும். அந்த மையம் டிராக்டரின் பின் ஆக்சிலிலிருந்து 50 சென்டிமீட்டர் முன்னால் இருக்கிறது. ஆக, டிராக்டர் முன்னோக்கி நிற்கும்போது அதன் பின் ஆக்சில் டிரெய்லர் ஆக்சில்களின் நடுவுக்கு ஏறக்குறைய நேர் மேலே வந்தால் போதும். பலகையின் ஓரத்தில் பெயின்டால் ஒரு கோடு இழுத்து வைத்தாயிற்று. கோட்டிலிருந்து 10 சென்டிமீட்டர் விலகினால் பந்தில் 36 கிலோ மாறும்.

பந்தில் நிற்கும் எடையை வீட்டு எடை மெஷினிலேயே சரிபார்க்கலாம். கெட்டியான கட்டை ஒன்றின் ஒரு முனையை இரும்புக் குழாய் மேலும், மறுமுனையை வீட்டு எடை மெஷின் மேலும் வைத்து, குழாயிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் டிரெய்லர் ஜாக்கியை இறக்க வேண்டும். காட்டும் எடையை மூன்றால் பெருக்கினால் உண்மை எடை. கட்டை மட்டும் இருக்கும்போது மெஷின் காட்டும் எடையை முதலிலேயே கழித்துவிட வேண்டும். டிரெய்லர் மட்டமாக, சக்கரங்களுக்கு முட்டு வைத்து நிற்பது அவசியம்.

தளத்தில் இரண்டு வகை. மட்கார்டுகளுக்கு நடுவே தாழ்வாக இருக்கும் தளம் ஒன்று, சக்கரங்களுக்கு மேலே போகும் உயரத் தளம் இன்னொன்று. தாழ்வானதில் டிராக்டரின் எடை கீழே நிற்கும், ஏற்றும் சாய்பலகையான ரேம்பின் சாய்வும் குறையும். பழைய டிராக்டருக்கு அதுதான் என் தேர்வு. ஆனால் மட்கார்டுகளுக்கு இடையே 2.1 மீட்டர்தான் கிடைக்கும். 8என்னின் பின் சக்கர இடைவெளியை 1.93 மீட்டர் வரை விரிக்கலாம். அப்படி விரித்து வைத்திருந்தால் டயர் அகலத்தோடு 2.2 மீட்டரைத் தாண்டி, மட்கார்டில் இடிக்கும். அளக்காமல் வாங்கக் கூடாத இடம் இது.

முன் சக்கரங்கள் நடுவில் ஒட்டி நிற்கும் டிராக்டர்களுக்கு இரண்டு தனித்தனி ரேம்ப் பயன்படாது, நடுவில் விழுந்துவிடும். முழு அகலக் கதவு ரேம்ப்போ சாயும் தளமோ வேண்டும். தளத்தின் நடுவில் குறுக்குக் கம்பிகள் நெருக்கமாக இருக்கின்றனவா என்று அடியில் படுத்துப் பார்ப்பது நல்லது. அந்தச் சின்ன இரட்டைச் சக்கரம் எடையை ஒரே பலகையில் குவிக்கிறது. இரும்புச் சக்கர டிராக்டர் என்றால் இரும்பு ரேம்பில் இரும்பு வழுக்கும். தடித்த ரப்பர் கன்வேயர் பெல்ட்டை ரேம்பிலும் தளத்திலும் விரித்தே ஆக வேண்டும்.

ஏற்றும்போதுதான் ஆபத்து அதிகம். தளம் 60 சென்டிமீட்டர் உயரம், ரேம்ப் 1.8 மீட்டர் என்றால் சாய்வு ஏறக்குறைய 20 டிகிரி. டிராக்டர் ரேம்பின் மேல் இருக்கும்போது அதன் எடை டிரெய்லர் ஆக்சில்களுக்குப் பின்னால் விழுகிறது. டிரெய்லரின் மூக்கு எழும்பி, இழுக்கிற வண்டியின் பின் சக்கரத்தையும் தூக்கப் பார்க்கும். பின் சக்கரம் பிடிப்பை இழந்தால் ஹேண்ட்பிரேக்கால் பயனில்லை, மொத்தமும் உருளும். டிரெய்லரின் பின் மூலைகளில் தாங்குக் கால்கள் இல்லாவிட்டால் கெட்டியான மரக்கட்டைகளை அடுக்கி முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் ஏற்ற வேண்டும்.

சொந்த எஞ்சினில் முன்னோக்கி ஏற்றினால், கிளட்ச்சைச் சட்டென்று விடும்போது முன்பக்கம் எழும்பும். பின்னால் கவிழ்ந்து ஓட்டுநர் மேல் விழுவது இப்படித்தான் நடக்கிறது. கம்பியை டிரம்மில் சுற்றி இழுக்கும் வின்ச் வைத்து இழுப்பதே நல்லது. 20 டிகிரியில் 1,500 கிலோவை இழுக்க 500 கிலோவுக்குச் சற்று மேல் விசை போதும். ஆனாலும் 2,000 கிலோவுக்குக் குறையாத வின்ச் வேண்டும். அதன் மேல் எழுதியிருக்கும் திறன் டிரம்மின் முதல் சுற்றுக்கானது, அடுக்கு ஏற ஏற இழுவை குறையும். கம்பியின் நேர்கோட்டில் ஆள் நிற்கக் கூடாது, சீட்டிலும் யாரும் இருக்க வேண்டாம். நீளக் கைப்பிடி போட்ட முட்டுக்கட்டையைப் பின் சக்கரத்தோடு ஒட்டி ஒருவர் பக்கவாட்டில் நகர்த்திக்கொண்டே வரலாம். இறக்கும்போது இடது, வலது பிரேக் பெடல்கள் தனித்தனியாக இருந்தால் இரண்டையும் இணைக்கும் கொக்கியைப் போட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பிடித்தால் டிராக்டர் ரேம்பிலேயே திரும்பிவிடும்.

கட்டுவதற்கு நான்கு தனித்தனி செயின், நான்கு மூலைக்கும் ஒவ்வொன்று. 8 மில்லிமீட்டர், கிரேடு 70 செயினின் வேலைச் சுமை ஏறத்தாழ 2,100 கிலோ. பின்னால் டிராபாரிலோ பின் ஆக்சில் ஹவுசிங்கிலோ, முன்னால் முன் ஆக்சிலின் நடுப்பகுதியிலோ மாட்டலாம். ஸ்டியரிங் கம்பி, பி.டி.ஓ. (கருவிகளைச் சுழற்றும் பின் தண்டு), ஹைட்ராலிக் கை, படிக்கட்டு எதிலும் மாட்டக் கூடாது. இப்படிப்பட்ட சிறு பாகங்களில் உள்ள பழைய வார்ப்பிரும்பு வளைந்து கொடுக்காது, உடைந்துவிடும். செயின் 45 டிகிரிக்கு நெருக்கமாகச் சாய்ந்து இறங்க வேண்டும்; செங்குத்தாக இருந்தால் கீழே மட்டும் இழுக்கும், முன்பின் நகர்வைத் தடுக்காது. காற்று டயர் பள்ளத்தில் அமுங்கும்போது செயின் தளர்ந்துபோகும், அதனால் டயர் சற்று அமுங்கும் அளவுக்கு இறுக்கி வைக்க வேண்டும். இறுக்குவதற்கு ராட்செட் வகைதான். நெம்புகோல் வகை கை தவறினால் தாடையைப் பெயர்க்கும். கியரையும் பார்க்கிங் பிரேக்கையும் கட்டோடு சேர்த்துக் கணக்கிட வேண்டாம். பெட்ரோல் டேப்பை மூடி, பேட்டரியைக் கழற்றி, சைலன்சர் வாயை மூடி வைத்தால் ஏற்றம் முடிந்தது.

ஓட்டுவதில் சொல்ல அதிகம் இல்லை. இரண்டு ஆக்சிலிலும் பிரேக் உள்ள டிரெய்லரையே வாங்க வேண்டும். ஹிட்ச் கழன்றால் தானே பிரேக் போடும் சுவிட்சும், அதன் பேட்டரியும் வேலை செய்கின்றனவா என்று அந்தச் சுவிட்சின் ஊசியை இழுத்துப் பார்க்க வேண்டும். டிரெய்லர் ஆட ஆரம்பித்தால் வண்டியின் பிரேக்கை மிதிக்காமல், ஆக்ஸிலேட்டரை விட்டு, வண்டிக்குள் இருக்கும் டிரெய்லர் பிரேக் கன்ட்ரோலரின் கைநெம்பால் டிரெய்லர் பிரேக்கை மட்டும் போட வேண்டும். முதல் 20 கிலோமீட்டரில் நிறுத்தி செயினை மறுபடி இறுக்கி, நான்கு ஹப்பையும் தொட்டுப் பார்க்கலாம். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடச் சுட்டால் பேரிங்கில் கிரீஸ் இல்லை, அல்லது பிரேக் ஒட்டிக்கொண்டிருக்கிறது. டயரின் தயாரிப்பு வாரமும் வருடமும் பக்கவாட்டில் நான்கு இலக்கமாக இருக்கும். 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம். பட்டன் புதிதாகத் தெரிந்தாலும் ஆறு வருடம் கடந்த டயரை மாற்றிவிடலாம்.

பாக்கி இருப்பது வின்ச் பீடம் மட்டும். டிராக்டரின் முன் ஆக்சில் உயரத்துக்கு அதை இறக்கிப் பொருத்த வேண்டும். இப்போதிருக்கும் உயரத்தில், டிராக்டர் நெருங்கி வரும்போது கம்பி மேல்நோக்கி இழுத்து முன் சக்கரத்தின் பாரத்தைக் குறைக்கிறது.