சுக்கான் பொட்டலில் பட்டாம்பூச்சி படம் எடுப்பது

பட்டாம்பூச்சி படம் என்றாலே குற்றாலம், பாபநாசம், களக்காடு என்று மலையைப் பார்த்து வண்டியைத் திருப்புவது நம் பக்கத்து வழக்கம். மலையில் வகை அதிகம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் அங்கே பாதிப் பூச்சி மர உச்சியில் பறக்கும். கிடைக்கும் வெளிச்சமும் இலை இடுக்கில் வடிந்து வருவது. திருநெல்வேலியை அடுத்த தாழையூத்தைச் சுற்றிக் கிடக்கும் சுண்ணாம்புத் தரைப் பொட்டல்கள் அப்படியல்ல. கால்விரலால் மண்ணைக் கிளறினாலே வெள்ளையாகச் சுக்கான், அதாவது சுண்ணாம்புக் கல், எட்டிப்பார்க்கும். மேல்மண் ஆழமில்லாததால் பெரிய மரம் எழும்பாது. முழங்கால் உயரப் புல், விழுதி, இலந்தை, எருக்கு, அங்கங்கே ஓர் உடைமரம், அவ்வளவுதான். பூச்சியும் அந்த உயரத்திலேயே உட்காரும். குனிந்தால் கண்ணுக்கு நேர். படம் எடுக்க இதைவிட நல்ல இடம் வேண்டுமா?

கேமராவுக்கு முன்னால் செடியைப் படிக்க வேண்டும். பூச்சியைத் துரத்தி ஓடுகிறவருக்குக் கிடைப்பது வால்பக்கம் மட்டும். விழுதி தழைத்திருந்தால் அதைச் சுற்றி வெள்ளை இறக்கையின் முனையில் செஞ்சாயம் தோய்ந்த கிரிம்சன் டிப் வரும். அதன் உறவுக்காரர்களான, கோலோட்டிஸ் பேரினத்தைச் சேர்ந்த மற்ற வகைகளும் வரும். இவை வறண்ட நாட்டுப் பூச்சிகள், மழைக்காட்டில் தேடினால் ஏமாற்றம்தான். இலந்தையில் காமன் பியரோ, எருக்கில் வெந்தய வரியன், தரையோடு படரும் ஆடுதின்னாப்பாளையில் ரோஜா அழகி. பருப்புக்கீரை படர்ந்த இடத்தில் வெந்தய வரியன் போல ஒன்று தாழப் பறந்து முட்டையிட இடம் தேடினால் உற்றுப் பாருங்கள். அது அநேகமாக டனாய்ட் எக்ஃப்ளையின் பெண். வெந்தய வரியனைத் தின்றால் கசக்கும் என்று பறவைக்குத் தெரியும். அந்த வேஷத்தில் இது தப்பிப் பிழைக்கிறது. பின்னிறக்கையின் மேல்பக்கத்தைப் படம் எடுத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். வெந்தய வரியனுக்கு நடுவில் மூன்று நான்கு கறுப்புப் புள்ளி, டனாய்ட் எக்ஃப்ளைக்கோ இறக்கையின் மேலோரத்தில் ஒன்றே ஒன்று.

காய்ந்த கிலுகிலுப்பைச் செடியைக் கடந்து போய்விடாதீர்கள். நீல வரியன் ஆண்கள் அதைச் சுரண்டி உறிஞ்சும். பெண்ணைக் கவரும் வாசனைக்கான மூலப்பொருள் அதில் இருக்கிறது. அந்த வேலையில் இறங்கிய பூச்சி, ஓர் அடி தூரத்துக்கு லென்ஸ் வந்தாலும் எழும்பாது. புதிதாகப் பழகுகிறவர்கள் இங்கே ஆரம்பிப்பது நல்லது.

வெளிச்சத்தைப் பொறுத்தவரை நம் ஊர்க் கணக்கு தனி. திருநெல்வேலி ஏறக்குறைய 8.7 டிகிரி வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் 12 வாக்கில், அதாவது சித்திரை பிறக்கிற சமயத்தில், உச்சி வெயில் நேர் தலைக்கு மேல் வந்துவிடும். ஆகஸ்ட் கடைசியில் மறுபடியும் ஒருமுறை. இந்த நாட்களில் சூரியன் சாய்ந்து ஏறாது, செங்குத்தாக மணிக்குக் கிட்டத்தட்ட 15 டிகிரி ஏறும். ஆறேகாலுக்கு உதித்தால் எட்டேகாலுக்கு 30 டிகிரி. இறக்கைச் செதிலின் நெசவைக் காட்டும் பக்கவாட்டு வெளிச்சம் அதோடு சரி. ஒன்பதுக்குப் பிறகு எடுப்பது அடையாளம் காண உதவும், அழகுக்கு உதவாது.

சுக்கான் தரை இங்கே ஒரு பெரிய உதவி செய்கிறது. வெள்ளைத் தரை வெயிலை மேல்நோக்கித் திருப்பி அடிப்பதால் பூச்சியின் அடிவயிற்று நிழல் தானாக இளகும். காலையில் ஃபிளாஷ் தேவையே இல்லை. ஆனால் அதே வெள்ளை கேமராவின் அளவீட்டை ஏமாற்றும். இடம் ரொம்ப வெளிச்சம் என்று எண்ணிப் படத்தை இருட்டாக்கிவிடும். கருமையான பூச்சி என்றால் படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனைக் கூட்டல் 2/3-இல் வைத்துத் தொடங்குங்கள். கொன்னை வெள்ளையன் மாதிரி வெளிறிய பூச்சிக்குப் பூஜ்யத்தில் தொடங்கி, வெளிச்சப் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடம் வலது ஓரத்தை முட்டாதவரை கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றலாம். ஒருமுறை வெளுத்துப்போன இறக்கையில் நரம்புக்கோடு பிறகு எந்த மென்பொருளிலும் திரும்பி வராது. சாத்தான்குளம் பக்கத்துத் தேரியில் கதை வேறு. அந்தச் செம்மணல் சிவப்பாகவே வெளிச்சத்தைத் திருப்பும், வெள்ளைப் பூச்சியின் அடிப்பக்கம் ரோஜா நிறமாகிவிடும். அங்கே ரா கோப்பாக, அதாவது கேமரா நிறத்தைத் தானே முடிவுசெய்யாத கோப்பாக, எடுத்தால்தான் நிறத்தைச் சரிசெய்ய முடியும். காற்றில் லென்ஸ் மாற்றவும் கூடாது. தேரி மணல் ஃபோகஸ் வளையத்துக்குள் போனால் நறநறப்பு நிற்கவே நிற்காது.

லென்ஸ் 90 முதல் 105 மி.மீ. வரையிலான மேக்ரோ போதும். முழு உருவளவில், அதாவது பூச்சியின் நிஜ அளவே சென்சாரில் விழும்படி, எடுக்கும் ஆசையை மட்டும் அடக்க வேண்டும். அந்த அளவில் லென்ஸ் முனைக்கும் பூச்சிக்கும் நடுவில் 15 செ.மீ. கூட மிஞ்சாது, உங்கள் நிழலே பூச்சியை விரட்டிவிடும். 36 மி.மீ. அகலச் சென்சார் உள்ள ஃபுல் ஃபிரேம் கேமராவில் பாதி உருவளவு என்றால் சட்டத்தில் 72 மி.மீ. அகலம் அடங்கும். வெந்தய வரியன் இறக்கையை விரித்தால் 70 மி.மீ. தாண்டும், அதற்கு மூன்றில் ஒரு பங்கு அளவே தாராளம். இறக்கை மூடிய நீலன்கள் என்னும் சின்னஞ்சிறு பூச்சிகளுக்கு மட்டும் இன்னும் நெருங்கலாம். பாதி உருவளவில் லென்ஸ் துவாரத்தை எஃப்/8-இல் வைத்தால் கூர்மையாக விழும் ஆழம் சுமார் 3 மி.மீ., எஃப்/11-இல் சுமார் 4. ஆகவே கேமராவின் முதுகு மூடிய இறக்கைக்கு இணையாக இருந்தே ஆக வேண்டும். ஐந்து டிகிரி சாய்ந்தாலும் கண் தெளிவாகவும் இறக்கை ஓரம் பஞ்சாகவும் வரும். எஃப்/16-க்கு மேல் போய் இதைச் சரிக்கட்ட நினைக்க வேண்டாம், துவாரம் சிறுத்து ஒளி விளிம்பில் வளைவதால் (டிஃப்ராக்‌ஷன்) படம் முழுக்க மங்கும். ஆட்டோ ஃபோகஸை அணைத்து, வேண்டிய அளவை முதலில் பூட்டிவிட்டு, உடம்பை முன்னும் பின்னும் அசைத்துக் கண்ணைப் பிடியுங்கள். கண் பளிச்சென்றதும் நான்கைந்து படம் தொடர்ச்சியாக.

செல்போனில் எடுப்பவர்கள் மேக்ரோ முறையைத் தவிர்ப்பது நல்லது. அது அகலக் கோண லென்ஸை வைத்து இரண்டு மூன்று செ.மீ.க்குள் வரச் சொல்லும். 2 மடங்கு அல்லது 3 மடங்கு டெலி லென்ஸில் வைத்து ஒரு முழம் தள்ளி நின்று எடுத்துப் பிறகு வெட்டிக்கொள்ளுங்கள்.

இனி காற்று. நம் சீமையில் படத்தைக் கெடுக்கும் முதல் எதிரி இதுதான். பங்குனியிலும் சித்திரையிலும் காலை அசையாமல் கிடக்கும். வைகாசிக் கடைசியில் கணவாய் வழியாக மேல்காற்று இறங்கத் தொடங்கினால் ஆனி, ஆடி முழுக்கப் புல் நிற்காது. காயத்தாறு பக்கம் காற்றாலைகளைச் சும்மாவா நட்டிருக்கிறார்கள்? சிக்கல் என்னவென்றால், சித்திரையில் ஒரு நல்ல கோடைமழை பெய்து, தளிர் விட்டு, அதில் முட்டை விழுந்து பூச்சியாக வெளிவர ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். புதுப்பூச்சி வரும்போது காற்றும் வந்துவிடும். ஆகவே பொத்தை எனப்படும் சிறு குன்றின் கிழக்குச் சரிவையோ குளத்துக்கரையின் கிழக்குப் பக்கத்தையோ தேர்ந்தெடுங்கள். கரை மறைவில் புல் ஆடும் வேகம் குறையும். குடையை விரித்து மேற்கே தரையில் சாய்த்து வைப்பதும் உதவும், ஆனால் பூச்சி வருவதற்கு முன்பே வைத்துவிட வேண்டும். ஷட்டர் வேகம் 1/500 விநாடிக்குக் கீழே இறங்கக் கூடாது, வசீகரன் வகைப் பூச்சிகளுக்கு 1/1000. ஐஎஸ்ஓ 1600 வரை போனால் போகட்டும். புள்ளி விழுந்த படத்தைத் தேற்றலாம், கலங்கிய படத்தைத் தேற்ற முடியாது. தண்டு ஊஞ்சல் போல ஆடுகிறதா? ஊஞ்சலின் இரண்டு கோடியிலும் ஒரு கணம் நிற்கும், அங்கேதான் விரல் அழுந்த வேண்டும்.

நெருங்கும்போது நிழல் பூச்சிமேல் விழாத திசையாகப் பார்த்து, உட்கார்ந்தபடியே நகருங்கள். தேன் குடிக்க உறிஞ்சுகுழல் இறங்கிய பிறகு நகர்ந்தால் பாதிக் கவலை இல்லை. நீல வசீகரனும் மஞ்சள் வசீகரனும் பறந்துவிட்டால் துரத்தாதீர்கள். எல்லை வைத்துக் காக்கும் பூச்சிகள் அவை, ஒரு சுற்று சுற்றிவிட்டு அதே வெறுந்தரைக்குத் திரும்பும். அங்கேயே லென்ஸைக் குவித்துக் காத்திருங்கள். முதல் படம் எப்போதும் இறக்கையின் அடிப்பக்கமாக இருக்கட்டும். நீலன்களை மேல்பக்கம் பார்த்துப் பெயர் சொல்வது கிட்டத்தட்ட முடியாத காரியம். இந்தியாவின் மிகச் சிறிய பட்டாம்பூச்சிகளில் ஒன்றான கிராஸ் ஜுவலும் இந்தத் தரையில்தான் தாழப் பறக்கும். பின்னிறக்கை அடியோரத்தில் மினுங்கும் புள்ளிவரிசை படத்தில் விழுந்தால்தான் அதை உறுதி செய்யலாம்.

வெயில் ஏறியதும் இதே பொட்டலில் விசிறித்தொண்டை ஓணான் கல்மேல் ஏறும். தென் தமிழ்நாட்டில் இருக்கும் ஓர் இனத்துக்கு 2016-இல் சிட்டானா விசிரி என்றே பெயர் வைத்தார்கள், நம் பனையோலை விசிறியை வைத்து. ஆண் தொண்டைச் சவ்வை விரித்து விரித்து மடக்கும். 300 மி.மீ. லென்ஸ், இரண்டரை மீட்டர் தூரம், வயிறு தரையில், 1/1000. சூரியன் ஓணானுக்குப் பின்னால் இருந்தால் மெல்லிய சவ்வு விளக்கு மாதிரி ஒளிரும். வெளிமானும் இப்படிப்பட்ட வறண்ட புல்தரை விலங்குதான். அதற்கென்றே உள்ள வல்லநாட்டுச் சரணாலயத்துக்குள் போவதற்கு வனத்துறை அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.

முழங்கால் ஊன்றும் முன் கம்பால் தரையைத் தட்டுங்கள். கல்லடுக்கில் சுருட்டைவிரியன் இருக்கும். நெருஞ்சிக்கு முழங்கால் பட்டை, இரண்டு லிட்டர் தண்ணீர், தொப்பி. பூச்சியைக் குளிர்ப்பெட்டியில் வைத்து மயக்கி எடுப்பது, மறைக்கும் தளிரைக் கிள்ளிப்போடுவது இரண்டும் வேண்டவே வேண்டாம். அந்தத் தளிரில்தான் முட்டை இருக்கும். குறுக்கே வரும் புல்லை விரலால் மெல்ல ஒதுக்கிப் பிடித்தாலே போதும்.

அசையாத பூச்சி வேண்டுமென்றால் மாலை ஐந்தரைக்குப் போங்கள். நீலன்கள் புல்கதிரில் தலைகீழாக அடைவதைப் பார்த்து, இரண்டு எட்டுத் தள்ளி ஒரு சுக்கான் கல்லை அடையாளம் வையுங்கள். புல்லில் துணி கட்ட வேண்டாம். மறுநாள் விடிகாலையில் முக்காலி, எஃப்/11, ஐஎஸ்ஓ 200, இரண்டு விநாடி டைமர். காற்றில்லாத காலையில் 1/30 கூட நிற்கும். தண்டில் வெயில் பட்டதும் பூச்சி இறக்கையைச் சாய்த்துக் காயும். உடம்பு சூடேறிக் கிளம்புவதற்குள் எடுத்துவிட வேண்டும்.