மாருதி 800 லோயர் ஆர்ம்: புல்லர் இல்லாமல் இடதுபக்கம் முடிந்தது

என் மாருதி 800இல் இடதுபக்க லோயர் ஆர்ம், அதாவது முன்சக்கரத்தை வண்டியின் அடிப்பாகத்தோடு இணைக்கிற கீழ்க்கை, மாற்றியாச்சு. காவேரிப்பட்டணத்திலிருந்து பர்கூர் வரை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன், அந்த 'டொக்' சத்தம் சுத்தமாகப் போய்விட்டது. வேகத்தடையில் இறங்கும்போதும், ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்துக் கொஞ்சம் பிரேக் போடும்போதும் வந்த சத்தம். ஒரு பட்டறையில் இதை ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) மவுண்ட் என்று சொல்லி மேலே இருக்கிற ரப்பரை மாற்றிக் காசும் வாங்கிக்கொண்டார்கள், மறுநாளே சத்தம் திரும்ப வந்தது. கீழே குனிந்து, ஆர்மின் முனையில் இருக்கிற பால் ஜாயின்ட்டின் (குண்டு மூட்டு) ரப்பர் உறையான பூட்டை ஒருதரம் பார்த்திருந்தாலே போதும். கிழிந்து, கிரீஸெல்லாம் போய், உள்ளே நம்ம ஊர் செம்மண் பவுடர்தான் இருந்தது.

டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்ப்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அது வீல் பேரிங் ஆட்டமா பால் ஜாயின்ட் ஆட்டமா என்று குழப்பும். உள்ளே ஒருவரை உட்காரவைத்து பிரேக்கை அழுத்தச் சொல்லிவிட்டு ஆட்டுங்கள். ஆட்டம் நின்றால் பேரிங், நிற்காமல் அப்படியே இருந்தால் பால் ஜாயின்ட் பக்கம் போக வேண்டியதுதான். நான் டயருக்கு அடியில் கடப்பாரையைக் கொடுத்துத் தூக்கியும் பார்த்தேன், நக்கிளுக்கும் (சக்கரத்தைத் தாங்குகிற இரும்பு) ஆர்முக்கும் நடுவே இடைவெளி திறந்து மூடுவது கண்ணுக்கே தெரிந்தது. இந்த நிலைமையில் தொப்பூர் கணவாயில் லாரிகளுக்கு நடுவே இறங்கி சேலம் போய் வந்திருக்கிறது வண்டி, நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது.

சாமான் விஷயம் முதலில். இந்த வண்டியில் பால் ஜாயின்ட் ஆர்மோடு சேர்ந்தே வருகிறது, கம்பெனி கணக்குப்படி முழு ஆர்மையும் மாற்ற வேண்டும். ஜாயின்ட்டை மட்டும் தனியாக விற்கிறவர்களும் இருக்கிறார்கள், பழையதை அறுத்து எடுத்துவிட்டுப் புதியதை வைத்து வெல்டிங் அடிப்பார்கள். எனக்கு அதில் துளி நம்பிக்கை இல்லை. வெல்டிங் சூட்டில் உள்ளே இருக்கிற பிளாஸ்டிக் கிண்ணம் என்ன கதியாகும் என்று யாரும் கேட்பதில்லை. 2014 ஜனவரியோடு தயாரிப்பு நின்றுபோன வண்டிக்குச் சாமான் கிடைக்காது என்று பயமுறுத்துவார்கள், கிடைக்கிறது. கிருஷ்ணகிரியில் கேட்ட முதல் கடையில் பெயரில்லாத டப்பாவில் ஒன்றைக் காட்டினார்கள், ஸ்டட்டை, அதாவது ஜாயின்ட்டிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கிற தண்டை, கையில் பிடித்து ஆட்டினால் குழந்தை விரல் மாதிரி எல்லாப் பக்கமும் வளைந்து கொடுக்கிறது. புது ஜாயின்ட் இறுக்கமாக இருக்க வேண்டும், கையால் அசைக்கக் கொஞ்சமாவது மெனக்கெட வேண்டும். அதை அங்கேயே வைத்துவிட்டு, பெங்களூர் போகிற வேலை இருந்ததால் ஜேசி ரோட்டில் வாங்கினேன். இரண்டு பக்கத்துக்கும் சேர்த்தே வாங்கிவிட்டேன், ஒருபக்கம் தேய்ந்தால் மறுபக்கமும் வரிசையில் நிற்கிறது என்றுதான் அர்த்தம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பால் ஜாயின்ட் என்றதும் எல்லோரும் அதைப் பிரித்தெடுக்கப் புல்லர் வேண்டும், ஃபோர்க் வேண்டும் என்பார்கள். டை ராடு எண்டுக்கு (ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கிற கம்பியின் முனை) அது சரி, அங்கே ஸ்டட் டேப்பராக, அதாவது கூம்பு மாதிரி இருக்கும், இறுகிப் பிடித்துக்கொள்ளும். 800இன் லோயர் ஆர்மில் டேப்பர் கிடையாது. நேரான ஸ்டட், நக்கிளில் பிளந்த ஒரு ஓட்டைக்குள் போகிறது, குறுக்கே ஒரு போல்ட் அதை இறுக்குகிறது. அவ்வளவுதான். புல்லருக்கு வேலையே இல்லை. மொத்தச் சண்டையும் அந்த ஒற்றைப் போல்ட்டோடுதான்.

அந்தப் போல்ட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், இணையத்தில் யாரைப் பார்த்தாலும் 'போல்ட்டைக் கழற்றவும்' என்று ஒரே வரியில் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஸ்டட்டின் உடம்பில் ஒரு பள்ளம் வெட்டியிருப்பார்கள், போல்ட் அந்தப் பள்ளத்தை உரசிக்கொண்டுதான் குறுக்கே போகும். அதனால் லூஸ் பண்ணினால் மட்டும் போதாது, போல்ட் முழுசாக வெளியே வந்தால்தான் ஸ்டட் இறங்கும். இரண்டாவது, ஸ்டட்டை எதுவாவது மேலோ கீழோ இழுத்துக்கொண்டிருந்தால் பள்ளத்தின் விளிம்பு போல்ட்டைக் கவ்விக்கொள்ளும். அப்போது எவ்வளவு எண்ணெய் ஊற்றினாலும் அது அசையாது. இந்த இழுவையை எடுக்காமல் ஸ்பானரில் தொங்கினால் தலை உடைந்து கையில் வரும். என் மச்சானின் வண்டியில் மெக்கானிக் ஒருவர் அப்படித்தான் உடைத்து, மீதியை டிரில் போட்டு எடுத்து, நக்கிளையும் சேர்த்துக் கெடுத்தார்.

இழுவை எங்கிருந்து வருகிறது? இரண்டு பக்க ஆர்மையும் இணைக்கிற ஸ்டெபிலைசர் ராடிலிருந்து. ஒருபக்கச் சக்கரத்தை மட்டும் தூக்கினால் அந்தப் பக்கம் ஆர்ம் தொங்கும், மறுபக்கம் தரையில் மேலே நிற்கும், நடுவில் ராடு முறுக்கிக்கொள்ளும். முறுக்கிய ராடு ஆர்மை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். முன்பக்கம் இரண்டையும் ஒரே உயரத்துக்குத் தூக்கிவிட்டால் முறுக்கு போய்விடும். இந்த ஒரு காரியம் பாதி வேலை. எங்கள் ஊரில் கிரானைட் துண்டுக்குப் பஞ்சமில்லை, எல்லோரும் முட்டுக் கொடுக்கக் கல்லைத்தான் வைக்கிறார்கள், தயவுசெய்து செய்யாதீர்கள். கல் சொல்லிக்கொண்டு உடையாது. நான் கறிக்கடைக்கு அறுக்கிற புளியங்கட்டை இரண்டு வாங்கி வைத்திருக்கிறேன், வண்டி உடம்பின் பலமான இடத்தில் அதைக் கொடுத்து, கழற்றிய சக்கரங்களையும் அடியில் படுக்கப் போட்டுவிட்டுத்தான் தலையை உள்ளே விடுவேன்.

முன்தினம் இரவே போல்ட்டின் இரண்டு பக்கமும், பிளவுக்குள்ளும் கம்பி பிரஷ் போட்டுத் துருவைச் சுரண்டி, டபிள்யூடி-40 அடித்து வைத்தேன். காலையில் மறுபடி. ஆர்முக்கு அடியில் சின்ன ஜாக் ஒன்றை வைத்து அதன் கனத்தை மட்டும் தாங்குகிற அளவுக்கு ஏற்றினேன், ஒரு நூல் கூட அதிகம் ஏற்றக்கூடாது. அப்புறம் 14 நம்பர் டபாரியா ரிங் ஸ்பானர். ஓப்பன் ஸ்பானரைக் கிட்டே கொண்டுவராதீர்கள், தலை உருண்டுவிடும். முதலில் இறுக்குகிற பக்கம் லேசாக ஒரு தட்டு. துரு முறிவது 'கடக்' என்று காதில் விழும். பிறகு கழற்றுகிற பக்கம் கால் சுற்று, திரும்பவும் இறுக்கி, எண்ணெய், மறுபடி கால் சுற்று. பொறுமை இல்லாதவர்கள் இந்த இடத்தில்தான் பைப்பை மாட்டுவார்கள். ஜாக்கை ஒரு இழை ஏற்றியோ இறக்கியோ பார்த்தால் திடீரென்று ஒரு இடத்தில் போல்ட் வெண்ணெயில் சுற்றுவது கையிலேயே தெரியும், அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டால் மீதி விரலாலேயே வந்துவிடும். வந்தது. நடுவில் துருப்பிடித்து இடுப்பு மெலிந்த போல்ட், திரும்பப் போட மனசு வரவில்லை. புதியது போட்டேன், அதே நீளம், அதே மரை, தலையில் 10.9 என்று பலக் குறி போட்டது. தெருமுனை ஹார்டுவேர் கடையில் கிடைக்கிற சாதாரண போல்ட்டை இங்கே போடக்கூடாது.

போல்ட் வந்தும் ஸ்டட் இறங்கவில்லை, துருவில் ஒட்டிக்கொண்டிருந்தது. பிளவில் மெல்லிய உளி ஒன்றை வைத்துச் சுத்தியலால் மெதுவாகத் தட்டினேன். இங்கே ஆவேசம் கூடாது, பிளவின் வாயை ரொம்பத் திறந்தால் நக்கிள் விரிசல் விடும், அது போனால் ஆர்மைவிடப் பெரிய செலவு. ஆர்மைக் கீழே இழுக்க மச்சான் ஒரு வழி செய்தான்: ஆர்மைச் சுற்றிச் சங்கிலி, சங்கிலிக்குள் நீளமான ஜிஐ பைப், பைப்பின் ஒரு முனை வண்டியின் அடிப்பாகத்தில் முட்டு, மறுமுனையில் அவன். "மாமா, நீங்க தட்டுங்க, நான் மிதிக்கிறேன்" என்றான். அவன் பைப்பை மிதிக்க, நான் நக்கிளின் பக்கவாட்டில் தட்ட, ஸ்டட் வழுக்கிக்கொண்டு இறங்கியது. பழைய ஆர்மைத் தூக்கி எறியத்தான் போகிறோம் என்பதால் ரப்பர் பூட்டைப் பற்றிக் கவலைப்படவில்லை, பிரேக் ஹோஸ் மேல் மட்டும் கண் இருக்க வேண்டும், நக்கிளைத் தொங்கவிட்டால் அது இழுபடும். கம்பி போட்டு ஸ்பிரிங்கில் கட்டிவிடுங்கள்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். இதெல்லாம் ஸ்ட்ரட் வண்டிக்குத்தான். இங்கே ஸ்பிரிங் ஸ்ட்ரட்டுக்குள்ளேயே அடங்கிக் கிடக்கிறது, ஆர்மைக் கழற்றினாலும் பாய்ந்து வராது. டபுள் விஷ்போனில் (மேலும் கீழும் இரண்டு ஆர்ம்) ஸ்பிரிங்கோ, முறுக்குக் கம்பியான டார்ஷன் பாரோ கீழ் ஆர்மின் மேலேயே வேலை செய்கிற ஜீப் வகை வண்டிகளில் இதே மாதிரி சங்கிலி பைப் என்று இறங்கினால் ஆள் காலி. அங்கே ஆர்முக்கு அடியில் ஜாக் இல்லாமல் ஒரு நட்டைக்கூடத் தொடக்கூடாது.

மீதி சுலபம். ஸ்டெபிலைசர் ராடு முனையில் ஸ்ப்ளிட் பின், கேசில் நட், வாஷர், ரப்பர். எந்த வாஷர் எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று செல்போனில் படம் எடுத்து வையுங்கள், குழிந்த பக்கம் மாறினால் ரப்பர் சீக்கிரம் பிய்ந்துவிடும். உள்பக்கப் போல்ட்டைக் கழற்றி ஆர்மை ராடிலிருந்து உருவினால் கையில் வந்துவிடும். புதியதை மாட்டும்போது ஸ்டட்டின் பள்ளம் போல்ட் ஓட்டைக்கு நேராக வரும்வரை மேலே தள்ள வேண்டும், போல்ட் கையாலேயே உள்ளே போக வேண்டும். போகவில்லை என்றால் ஸ்டட் இன்னும் ஏறவில்லை, போல்ட்டைச் சுத்தியலால் அடித்து ஏற்றினால் மரை போய்விடும்.

உள்பக்கப் புஷ் (ரப்பர் உருளை) போல்ட்டை மட்டும் வண்டி தொங்கும்போது கடைசி இறுக்கு இறுக்காதீர்கள். அந்த ரப்பர் இரும்போடு ஒட்டியே வருகிறது, சுற்றாது, முறுக்கத்தான் செய்யும். தொங்குகிற நிலையில் இறுக்கினால் வண்டி தரையில் நிற்கும் நேரமெல்லாம் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும், சில மாதத்தில் கிழியும். பட்டறைகளில் புது ஆர்ம் போட்டும் புஷ் நிற்கவில்லை என்று புலம்புகிறவர்களில் பாதிப்பேருக்கு இதுதான் காரணம் என்பது என் அபிப்பிராயம். சக்கரத்தை மாட்டி இறக்கி, பானட்டை நாலு அமுக்கு அமுக்கிவிட்டு, படுத்துக்கொண்டு இறுக்கினேன். 800 உயரத்துக்கு அடியில் படுத்து ஸ்பானர் சுற்றுவது தனி யோகாசனம்.

வலதுபக்கம் பாக்கி இருக்கிறது. அதோடு ஸ்டெபிலைசர் ரப்பர் செட்டையும் மாற்றப் போகிறேன், பழையது கையில் பிய்ந்து பிய்ந்து வருகிறது. இரண்டு டை ராடு எண்டும் வாங்கி வைத்திருக்கிறேன், அங்கேதான் டேப்பர், புல்லர் வாங்காமல் நட்டை நாலு மரை விட்டு வைத்துவிட்டு, ஸ்டீயரிங் ஆர்மில் ஸ்டட் போகிற கண்ணுக்கு இரண்டு பக்கமும் இரண்டு சுத்தியலால் ஒரே நேரத்தில் அடித்துப் பார்க்கப் போகிறேன். அடி கண்ணின் பக்கவாட்டில்தான், ஸ்டட்டின் மரை மேல் இல்லை. மாங்காய் சீசன் முடிந்தால்தான் மச்சானுக்கு நேரம் கிடைக்கும், தோப்பை விட்டு இப்போது வரமாட்டான். அதுவரை அலைன்மென்ட்டும் பார்க்கப் போவதில்லை, டை ராடு எண்டைக் கழற்றினால் டோ (முன்சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கிற அளவு) எப்படியும் மாறும், இரண்டு தரம் காசு கொடுப்பானேன்.