டொலர் வர்த்தகத்துக்குப் பணம் கட்டுமுன் வங்கியில் கேட்டது

அக்காவின் மகன் கட்டாரிலிருந்து சேமிப்போடு திரும்பிய கையோடு, மட்டக்களப்பில் ஃபொரெக்ஸ் வகுப்பு நடத்தும் ஒருவர் அவனைப் பிடித்துக்கொண்டார். கைத்தொலைபேசியிலேயே நாணயங்களை வாங்கி விற்று உழைக்கலாம் என்பது அவருடைய பேச்சு. "வர்த்தகம் நடத்தும் கம்பனிக்கு சைப்பிரஸில் லைசென்ஸ் இருக்கிறது மாமா" என்று மருமகன் திரையைக் காட்டினான். இருக்கட்டும். அது அந்தக் கம்பனி அங்கே தொழில் செய்வதற்கான அனுமதி. களுவாஞ்சிகுடிக்காரனின் பணம் இலங்கையை விட்டு எந்த வழியாகப் போகலாம் என்பதை இலங்கைச் சட்டம்தான் சொல்ல வேண்டும். அதைக் கேட்கத்தான் இருவரும் வங்கிக்குப் போனோம்.

கவுண்டரில் இருந்த பிள்ளை, "அட்டை வேலை செய்தால் கட்டலாம்தானே" என்றார். அட்டை வேலை செய்வது வேறு, சட்டம் இடம் கொடுப்பது வேறு. வெளிநாட்டு நாணயப் பிரிவுக்குப் பொறுப்பானவரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக் காத்திருந்தோம்.

அவர் பொறுமையாக விளக்கினார். 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டப்படி, வெளிநாட்டு நாணயத்தைக் கையாளும் தொழில் மத்திய வங்கி அதிகாரமளித்த வங்கிகளுக்கும், அனுமதி பெற்ற நாணயமாற்றுநர்களுக்குமே உரியது. கடன் அட்டையும் டெபிட் அட்டையும் சொந்தத் தேவைக்குப் பொருள் வாங்க, படிப்புக்கு, மருத்துவத்துக்கு, பயணத்துக்கு. வர்த்தகக் கணக்கில் முதல் போடுவதற்கு அல்ல. கிரிப்டோ என்னும் மெய்நிகர் நாணயத்துக்கும் அட்டையைப் பயன்படுத்தக் கூடாது என்று 2021 மார்ச்சில் வந்த பணிப்புரை இருக்கிறது. வெளிநாட்டில் முதலிட விரும்புவோருக்கு வங்கியில் தனியான கணக்கு உண்டு. அதுவும் சட்டம் அனுமதித்த முதலீடுகளுக்கு மட்டும்.

"அப்படியென்றால் மற்றவர்கள் எப்படிக் கட்டுகிறார்கள் சேர்?" என்று கேட்டான் மருமகன்.

விடை அவனுடைய வாட்ஸ்அப்பிலேயே கிடந்தது. வகுப்புக்காரர் அனுப்பிய குறிப்பில் கம்பனியின் பெயரே இல்லை. எங்கோ ஒரு தூரத்து ஊரில் யாரோ ஒருவரின் சேமிப்புக் கணக்கு இலக்கம். அதில் ரூபாயைப் போட்டு, பற்றுச்சீட்டைப் படமெடுத்து அனுப்பினால் வர்த்தகக் கணக்கில் டொலர் ஏறுமாம். கடைசி வரி: 'காரணம் என்ற இடத்தில் குடும்பச் செலவு என்று எழுதவும்.'

அதிகாரி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "தம்பி, இது உண்டியல்" என்றார். வங்கியைத் தவிர்த்து, ஆட்கள் வழியாகப் பணத்தைக் கைமாற்றும் முறை அது. கணக்குக்காரர் யாரென்று தெரியாது, அவர் கணக்கில் புரளும் பணம் யாரை ஏமாற்றிய பணம் என்றும் தெரியாது. பொலிஸ் விசாரணை வந்தால் பணம் போட்டவரின் கணக்கும் முடங்கலாம் என்றார். எனக்கு வந்த கோபம் அந்தக் கடைசி வரி மேல்தான். உழைத்துக் கொண்டுவந்த காசுக்கு ஓர் இளைஞனைப் பொய்க் காரணம் எழுத வைக்கிறார்கள்! சட்டபூர்வமான தொழிலென்றால் உண்மைக் காரணத்தை எழுத ஏன் பயம்?

வங்கியில் இருந்தபடியே மருமகன் வகுப்புக்காரருக்குச் செய்தி அனுப்பினான்: "ஃபொரெக்ஸ் வர்த்தகம் என்று காரணம் எழுதி, வங்கி வழியாகக் கம்பனியின் பெயருக்கே கட்டுகிறேன். விவரம் தாருங்கள்." செய்தி படிக்கப்பட்டது, பதில் வரவில்லை.

கொண்டுவந்த டொலரைத் தனிப்பட்ட வெளிநாட்டு நாணயக் கணக்கில் போட்டோம். வட்டியும் டொலரிலேயே வரும். வெளிநாட்டுச் செலாவணித் திணைக்களத்துக்கும் தமிழிலேயே ஒரு கடிதம் எழுதி, அந்த வாட்ஸ்அப் குறிப்பின் பிரதியை இணைத்துப் பதிவுத் தபாலில் அனுப்பினோம். அதே வகுப்பில் இன்னும் எத்தனையோ பிள்ளைகள் இருக்கிறார்கள்.