பாய்ப்படகுப் பராமரிப்பு: மழைத்தண்ணீர் எங்கே தங்குகிறது?

மரத்தில் கட்டிய சின்னப் பாய்ப்படகைக் கரையேற்றியதும் பலரும் முதலில் திறப்பது பெயின்ட் டப்பாவைத்தான். அதற்கு முன்னால் ஒரு சிறிய சுத்தியலையும் குத்தூசியையும் எடுத்துக்கொண்டு படகை ஒரு சுற்று வாருங்கள்.

மரத்தை அழுகவைப்பதில் உப்புத்தண்ணீரைவிட மழைத்தண்ணீருக்குத்தான் பங்கு அதிகம். அழுகவைக்கும் பூஞ்சைக்கு மரத்தில் 20 சதவீதத்துக்கு மேல் ஈரம் வேண்டும். காய்ந்த மரத்தில் அது வளராது. அதனால் மேலிருந்து கசியும் தண்ணீர் எங்கே போய்த் தங்கும் என்று யோசித்துத் தேடுங்கள்: பாய்மரம் உட்காரும் குழி, மேல்தளமும் அறைச்சுவரும் சேரும் மூலை, வங்குகளின் (பலகைகளைத் தாங்கும் விலாக்கட்டைகளின்) மேல்முனை, அணியத்துக் கட்டையின் (படகின் முன்முனைக் கட்டையின்) உச்சி. தட்டினால் நல்ல மரம் கணீரென்று பேசும், அழுகியது பொத்தென்று அடங்கும். சந்தேகம் வந்த இடத்தில் குத்தூசியை வையுங்கள். மேலே பெயின்ட் பளபளவென்று இருக்க, அதற்கு அடியில் ஊசி வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்குவது உண்டு.

அப்படிப்பட்ட மரத்தை நல்ல மரம் தென்படும் இடத்தோடு நிறுத்தாமல் இன்னும் ஒரு சாண் தள்ளி வெட்டுங்கள். புதுத் துண்டைச் சாய்வாக இணைக்கும்போது கனத்தைப்போல எட்டு மடங்காவது சாய்வு வேண்டும்: 20 மி.மீ. பலகைக்கு 160 மி.மீ. கசிவை அடைக்காமல் துண்டு மட்டும் மாற்றினால் அதுவும் அதே வழியில் போகும்.

அடுத்தது கலப்பத்து, அதாவது பலகைகளுக்கு இடையிலுள்ள இடுக்குகளில் பஞ்சு அடைத்துத் தண்ணீர் புகாமல் செய்வது. அவசரப்பட்டால் அதிகம் கெடுவது இந்த வேலைதான். பழைய பஞ்சு இறுக்கமாக, மட்காமல் இருந்தால் அதைத் தொடாதீர்கள். தளர்ந்ததை வளைந்த கொக்கியால் இழுத்து எடுங்கள். மின்ரம்பத்தை இடுக்கில் விடவே கூடாது. பலகையின் ஓரம் வெட்டுப்பட்டு இடுக்கு அகன்றுவிட்டால் அதைத் திரும்பச் சுருக்க முடியாது.

பஞ்சுத் திரியை நீட்டிப் போட்டு அடிக்காமல், சின்னச் சின்னச் சுருக்குகளாக மடித்து உளியால் இடுக்குக்குள் செருகிக்கொண்டே போங்கள். ஒரு கை தூரம் செருகியபின் திரும்பி வந்து கொட்டாப்புளியால் (மரச்சுத்தியலால்) உளியைத் தட்டி இறுக்குங்கள். அகன்ற இடத்தில் சுருக்கு நெருக்கமாகவும், ஒடுங்கிய இடத்தில் ஏறக்குறைய நேராகவும் வரும். இடுக்கின் ஆழத்தில் பாதி அளவுக்குப் பஞ்சு நின்றால் போதும். இன்னும் அடித்தால் பஞ்சு உட்பக்கம் பிதுங்கும். படகு தண்ணீரில் இறங்கிப் பலகை ஊதும்போது வங்கே விரிசல் விடலாம். ஏராவை (படகின் அடிமுதுகுக் கட்டையை) ஒட்டிய முதல் பலகையில் கையை இன்னும் அடக்குங்கள்.

பஞ்சுக்கு மேல் இடுக்கை நிரப்பும் மக்கைப் (putty) பூசுவதற்கு முன் இடுக்கில் எண்ணெய் பிரைமரை ஒரு மெல்லிய தூரிகையால் பஞ்சு நனையும்படி தடவ வேண்டும். அதைத் தவிர்த்தால் காய்ந்த மரம் மக்கிலிருந்து எண்ணெயை உறிஞ்சிவிடும். மக்கு சுண்ணாம்புபோல வறண்டு உதிரும். பூசிய மக்கு பலகை மட்டத்துக்குக் கொஞ்சம் உள்வாங்கியே இருக்கட்டும், பலகை ஊதும்போது அது வெளியே தள்ளப்படும். இறுகிக் கல்லாகும் எபாக்ஸி மக்கு இந்த இடுக்குகளுக்கு ஆகாது. மரம் ஊதிச் சுருங்கிக்கொண்டே இருக்கும். கல்லான மக்கு அதற்கு விட்டுக்கொடுக்காது. பழைய மக்கில் ஈயச் செந்தூரம் என்ற நச்சுப்பொருள் இருக்கலாம். காய்ந்த நிலையில் தேய்க்காதீர்கள், முகமூடி கட்டாயம்.

ஆணிகளில் ஒரு எச்சரிக்கை: இரும்பையும் செம்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கடல்தண்ணீரில் இரும்பு கரையும். மற்ற உலோகத்துக்குப் பதிலாகத் தான் கரைவதற்கென்று பொருத்தும் துத்தநாகக் கட்டியைப் பாதி கரைந்ததும் மாற்றுங்கள், அதன்மேல் பெயின்ட் அடிக்காதீர்கள். இரண்டு போதும் என்கிற இடத்தில் நான்கு வைப்பதும் தப்பு. அளவுக்கு மீறிய பாதுகாப்பால் உலோகத்தைச் சுற்றிக் காரம் சேர்ந்து மரம் பஞ்சுபோல நைந்துவிடும்.

கயிற்றை வெளித்தோற்றம் பார்த்து நம்பக் கூடாது. முப்புரிக் கயிற்றை முறுக்குக்கு எதிராகத் திருப்பிப் பிரித்து உள்ளே பாருங்கள். தூள் கொட்டினாலோ, நார்க்கயிறு உள்ளே கறுத்திருந்தாலோ மாற்றிவிடுங்கள். பாயை ஏற்றும் ஆஞ்சான் கயிறு எப்போதும் கப்பியில் படும் அதே இடத்தில்தான் தேயும். வருடம் ஒருமுறை முனை மாற்றிக் கட்டினால் இன்னும் நாள் உழைக்கும். கயிற்றின் முனையை மடித்து அதன் புரிகளுக்குள்ளேயே செருகிக் கண்ணி (வளையம்) பின்னும்போது நார்க்கயிற்றுக்கு மூன்று பின்னல், வழுக்கும் செயற்கைக் கயிற்றுக்கு ஐந்து பின்னலாவது வேண்டும்.

வார்னிஷ் கடைசி வேலை. முதல் பூச்சைப் பாதிக்குப் பாதி தின்னர் கலந்து மரத்துக்குள் இறங்கவிடுங்கள், பிறகு கெட்டியாக்கிக்கொண்டே ஆறு, ஏழு பூச்சு. மாலைப் பனி விழுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே தூரிகையைக் கழுவிவிட வேண்டும். பனி பட்டால் பளபளப்பு மங்கும்.

இறக்கிய முதல் நாள் தண்ணீர் வரத்தான் செய்யும். பம்பைத் தயாராக வைத்துக்கொண்டு, பலகை ஊதி இடுக்கு மூட இரண்டு மூன்று நாள் கொடுங்கள். வரத்து நாளுக்கு நாள் குறைந்தால் சரி. குறையாமல் ஒரே அளவில் வந்தால், தண்ணீர் தெரியும் இடத்திலிருந்து வங்கை ஒட்டிக் கையைத் தடவிக்கொண்டே மேலே போங்கள். ஓட்டை பெரும்பாலும் அங்கேதான் எங்கோ மேலே இருக்கும்.