44 கோழிகள்

சிகாகோவில் மிச்சிகன் அவென்யூ பாலத்தின் வடகரையில் ஒரு வெண்கலச் சிலை, மார்பளவு. இன்று மதியம் ஒரு அம்மா தன் சின்னப் பையனைத் தூக்கிப் பிடித்திருந்தார். அவன் சிலையின் கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஜான் பாப்டிஸ்ட் பாயிண்ட் டுசாபிள். கறுப்பினத்தவர். ரோமத்தோல் வியாபாரி. 1780களில் சிகாகோ ஆற்று முகத்துவாரத்தில் வீடு கட்டிக் குடியேறியவர்.

1800-இல் அந்த இடத்தை விற்றபோது எழுதிய கிரயப் பட்டியலைப் படித்திருக்கிறேன்.

40க்கு 22 அடியில் வீடு. குதிரை சுற்றும் மாவு ஆலை. ரொட்டி சுடும் கொட்டகை. இறைச்சிக்குப் புகை போடும் அறை. 30 மாடுகள், 38 பன்றிகள், 44 கோழிகள். அப்புறம், கண்ணாடிக் கதவு போட்ட ஒரு வால்நட் மர அலமாரி!

சாலையே இல்லாத சதுப்பு நிலத்துக்கு அந்தக் கண்ணாடி உடையாமல் எப்படி வந்து சேர்ந்ததோ!

தோலை வாங்கிப் படகில் ஏற்றிக்கொண்டு போகிறவருக்கு 44 கோழி எதற்கு? இவர் வாழ வந்தவர்.

ஆனாலும் பழைய வரலாறுகள், பின்னால் அதே வீட்டில் குடியேறிய ஜான் கின்ஸியைத்தான் நகரத்தின் தந்தை என்றன. ஏரிக்கரைச் சாலைக்கு டுசாபிள் பெயர் வந்தது 2021-இல்தான்.

அவர் மனைவி கிட்டிஹாவா, பொட்டாவட்டமி என்ற அமெரிக்கப் பழங்குடி இனத்தவர். அந்த மக்களின் உறவு இல்லாமல் இங்கே ஒரு தோல்கூட வாங்கியிருக்க முடியாது. அவர்கள் நிலத்தை அமெரிக்க அரசு எழுதி வாங்கிய 1833 ஒப்பந்தத்துக்குப் பிறகு அவர்களையே மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே விரட்டிவிட்டார்கள்.

கிட்டிஹாவா பெயரிலும் இந்த ஊரில் ஒரு பெரிய சாலை வேண்டும்.